ஸர் ஹென்றி மெயின்

மனிதனைக் கட்டுப்படுத்தும் கடமைகள் இருவகைப்படும். பிறக்கும்போதே உடன் வருவன ஒருவகை. தான் மனமொப்பி, வாய்திறந்து ஏற்றுக்கொள்வன மற்றொருவகை. மகன், தம்பி, இன்ன குலத்தான், இன்ன ஊரான் என்னும் முறையில் நம்மீது சார்வன முதல் வகையைச் சேர்ந்தவை. கடன் வாங்கினோம், வீட்டை வாடகைக்குப் பிடித்தோம், கூட்டு வியாபாரத்தில் கையெழுத்திட்டோம் என்னும் முறையில் ஏற்படுவன இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் முன்னதே பண்டை உலகை ஆண்டது என்பதையும், பின்னது மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பெற்றது என்பதையும் சரித்திர வாயிலாக எடுத்துக்காட்டியவர் ஸர் ஹென்றி ஸம்னர் மெயின் என்னும் ஆங்கிலேயச் சட்ட அறிஞர். அவர் நம் நாட்டில் ஏழாண்டு இருந்து சட்டவேலை பார்த்தவருமாவார். பிறப்பினால் ஒன்றுபட்ட குடும்பங்கள் படிக்கும் இப்பத்திரிகையில் அன்னாருடைய வரலாறு இடம்பெறுதல் பொருத்தமே என்று கருதி, அதனை ஈண்டுச் சுருக்கமாக எழுதுகின்றோம்.

மெயின் 1822-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் மெயின், ஸ்காட்லாந்தின் தென்னெல்லையிலுள்ள கெல்ஸோ என்னும் ஊரைச் சார்ந்த வைத்தியர். சிறுவர் கல்வி கற்றது லண்டன் மாநகரத்துக் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்னும் பள்ளியில். பெயரைக் கண்டு அதனை வைத்தியசாலை என்று எண்ணவேண்டா. எளிய குடும்பத்துப் பிள்ளைகளின் பொருட்டு 1552-ம் ஆண்டில் ஏற்பட்ட தர்ம கலாசாலை அது. ஆங்கிருந்து 1840-ம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சார்ந்த பெம்பிரோக் கல்லூரிக்குச் சென்றார். 1842-ல் கவிதைக்காகத் தங்கப் பதக்கம் பெற்றார். 1844-ல் கிரேக்க லத்தீன் இலக்கியப் பரீக்ஷையில் முதல்வராகத் தேறினார். மூன்றாண்டு கழித்து, அதே சர்வகலாசாலையில் ரோமானியச் சட்டம் போதிக்கும் ராஜாங்க ஆசிரியர் பதவி அவரை நாடி வந்தது. 1850-ல் பாரிஸ்டர் ஆனார். 1852 முதல் லண்டனில் சட்டம் பயிலும் மாணவர்களுக்குப் பிரசங்கங்கள் செய்து வந்தார்.

அக்காலத்தில் இங்கிலாந்தில் ரோமானியச் சட்டத்தைக் கற்பார் மிகச் சிலரே. தம் நாட்டு வழக்குத் தீர்ப்புக்களை மனப்பாடம் செய்வதே சட்டக்கல்வி என்று பலர் எண்ணியிருந்தனர். மெயின் அவ்வாறு எண்ணினாரல்லர். ஒரு விதி இன்று இன்ன வடிவில் இருக்கிறது என்று அறிவது மட்டும் போதாது, அது எவ்வாறு பிறந்தது, எத்தேவையால் மாறியது, எதனை விட்டொழித்தது என்பவற்றையும் அறிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. உடல்நலம் குன்றியவராயினும் உழைப்பில் குறைவிலர். அவ்வுழைப்பின் பயனாக 1861-ம் ஆண்டில் பண்டைச் சட்டம் என்று பொருள்படும் தலைப்புடன் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. அந்நூலே அவரை உலகப் புகழ் பெறச் செய்தது.

அந்நூலின் கருத்து இது. பண்டைக் காலத்தில் சட்டம் தனிமனிதனை அறியாது, குடும்பத்தையே அறியும். ரோமாபுரியில் தந்தைக்குத் தன் மக்கள்மீது உயிரையும் வாங்கும் அதிகாரம் இருந்தது. மகன் தலை நரைத்து, நாட்டில் பெரும்பதவி வகித்தாலும், அவன் ஈட்டிய பொருள் தந்தை உயிரோடுள்ளவரை தந்தையினுடையதே. பன்னிரண்டு பலகைச் சட்டம் என்னும் பழைய விதியின்படி, தந்தை மகனை மும்முறை விற்றால் மகன் விடுதலை பெறுவான். கொடுந்தந்தையைத் தண்டிக்க எழுந்த அவ்விதியையே பிற்காலத்தார் மகனை மனமுவந்து விடுவிக்கும் சடங்காகப் பயன்படுத்திக்கொண்டனர். மும்முறை விற்பதுபோல நடிப்பர், மகன் சுதந்தரன் ஆவான். பின்னர், அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் காலத்தில், போர்வீரனாகச் சென்று மகன் ஈட்டிய பொருள் அவனுக்கே உரியது என்று ஆயிற்று. இவ்வாறு குடும்பம் என்னும் பெரு முடிச்சு ஓரோர் இழையாக அவிழ்ந்து, தனிமனிதன் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியலானான்.

இதனைக் கேட்கும் நம்மவர்க்குத் தம் வீட்டுக் கதையே நினைவுக்கு வரும். குடும்பப் பணத்தால் ஒரு பிள்ளையைப் படிக்கவைத்து, அவன் வக்கீலாகவோ டாக்டராகவோ பொருள் ஈட்டினால், அது அவனுடையதா, கூட்டுக் குடும்பத்தினுடையதா என்னும் விவகாரம் நெடுங்காலம் நம் நாட்டுக் கோர்ட்டுகளில் நடந்தது. கல்வியால் ஈட்டியது ஈட்டியவனுக்கே உரியது என்று 1930-ம் ஆண்டில்தான் தனிச்சட்டம் பிறந்தது. ரோமானியப் போர்வீரன் பெற்ற உரிமையை நம் நாட்டுப் படித்த பிள்ளை பெறுவதற்கு ஏறக்குறைய ஆயிரத்தொன்பது நூறு ஆண்டுகள் சென்றன என்னலாம்.

குடும்பத்தின் பிடி தளரத் தளர, மனிதரை மனிதரோடு பிணைக்க வேறு கயிறு வேண்டுமன்றோ? அக்கயிறே ஒப்பந்தம். அஃது எளிதில் பிறந்ததன்று என்பதை மெயின் படிப்படியாக விளக்குகின்றார். முதலில் ரோமானியர்க்குச் சடங்கே பெரிது. சாட்சிகள் ஐவர் சூழ, ஒருவன் தராசு பிடிக்க, செம்பை நிறுத்துக் கொடுத்தால்தான் பிணைப்பு உண்டாகும். பின்னர்ச் சடங்கு சுருங்கி வாய்ச்சொல் ஆயிற்று; கொடுக்க உறுதி கூறுகின்றனையா என்று ஒருவன் குறித்த சொற்களால் கேட்க, உறுதி கூறுகின்றேன் என்று மற்றவன் அதே சொல்லால் விடையிறுக்க வேண்டும். சொல் பிறழ்ந்தால் கட்டுப்பாடில்லை. அதன்பின் வீட்டுக் கணக்கேட்டில் பற்றெழுதுவதே போதும் என்றாயிற்று. அப்பால், ஒருவன் பொருளை ஒப்புக்கொடுத்து மற்றவன் பெற்றுக்கொண்டால், சொல்லும் எழுத்தும் இல்லையாயினும் அவன் கடமைப்பட்டவன் என்று நீதி வளர்ந்தது. இறுதியில், விற்றல், வாடகை, கூட்டு வியாபாரம், ஒருவர்பொருட்டு மற்றவர் காரியம் பார்த்தல் ஆகிய நான்கிலும் இருவர் மனம் ஒத்தலே போதும் என்று தீர்மானித்தனர். கையிலும் நாவிலும் ஏட்டிலும் தேடப்பட்ட கட்டுப்பாடு, கடைசியில் மனத்தில் காணப்பட்டது. மனமொப்புதலே ஒப்பந்தத்தின் உயிர். மற்றவை அதன் சான்றுகள்.

முன்னேறிய சமூகங்களின் போக்கு இதுகாறும் பிறப்பு நிலையினின்று ஒப்பந்தத்தை நோக்கியதாக இருந்துள்ளது என்பது அவர் கண்ட முடிவு. இதுகாறும் என்ற வரம்பை அவரே இட்டார் என்பதை நாம் மறத்தலாகாது. இனி எக்காலத்தும் அப்படியே நடக்கும் என்று ஜோசியம் கூறினாரல்லர்.

ஈண்டு ஒன்றை மறையாது கூறவேண்டும். அதே நூலில் மெயின் நம் நாட்டு ஜாதி முறையைப்பற்றிக் கடுமையாகவே எழுதியிருக்கின்றார். மனிதர் ஏற்படுத்திய அமைப்புக்களுள் அதனினும் கேடு பயந்தது இல்லை என்பது அவர் துணிபு. இந்திய மண்ணை மிதிப்பதற்கு முன்னரே அவர் எழுதியது அது. நம்மை அறியாத அயலான் பேச்சு என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் ஒருவனுடைய தொழிலையும் மதிப்பையும் அவன் மனமொப்புதலைக் கேளாமல் பிறப்பே முடிவு செய்துவிடுவது நியாயமா என்னும் அவருடைய கேள்வி தள்ளிவிடத்தக்கதன்று. அதற்கு நாம் கூறும் விடை எதுவோ அதனைப் பொறுத்ததே நம் போன்ற சங்கங்களின் மதிப்பும் ஆகும். அதனை இறுதியில் பார்ப்போம்.

நூல் வெளிவந்த 1861-ம் ஆண்டிலேயே இந்திய கவர்னர் ஜெனரலின் நிர்வாக சபையில் சட்ட அங்கத்தினர் பதவி அவருக்கு அளிக்கப்பட்டது. மெக்காலே முதன்முதல் வகித்த பதவி அது. உடல்நலம் கருதி மெயின் மறுத்துவிட்டார். மறுஆண்டில் மீண்டும் வேண்டவே இசைந்து கல்கத்தா வந்துசேர்ந்தார். லண்டனும் கேம்பிரிட்ஜும் ஒத்துக்கொள்ளாத அவருடைய தேகத்திற்கு வங்காளத்து வெயில் ஒத்துக்கொண்டது வியப்பே! ஐந்தாண்டு என்ற தவணை ஏழாண்டாக நீண்டது. அதனிடையே கல்கத்தா சர்வகலாசாலையின் துணைவேந்தராகவும் 1863 முதல் 1867 வரை விளங்கினார்.

அவர் காலத்தில் 1865-ம் ஆண்டு வாரிசுச் சட்டம் நிறைவேறியது. சமயக் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டு, இருவர் மனமொப்பி அரசாங்கப் பதிவின் முன் மணம் செய்துகொள்ள வழிசெய்யும் மசோதா ஒன்றையும் 1868-ல் கொண்டுவந்தார். கேசவ சந்திர சேனரைத் தலைவராகக் கொண்ட பிரம்ம சமாஜத்தார் விண்ணப்பித்ததன் பயன் அது. எதிர்ப்பு மிகுந்தமையால் அவர் காலத்தில் நிறைவேறாது, மாறுதல்களுடன் 1872-ல் சட்டமாயிற்று. பிறப்பு நிலையிலிருந்து மனமொப்புதலுக்கு என்று நூலில் எழுதியவர், சட்டசபையிலும் அவ்வழியே நடந்தார் என்பதற்கு இது சான்று.

ஒப்பந்தச் சட்டத்தின் வரலாறும் அத்தகையதே. லண்டனிலிருந்த சட்டக் கமிஷனர்கள் வரைந்தனுப்பிய மசோதாவை மெயின் 1867-ல் சபைமுன் வைத்தார். கமிஷனர்களுக்கும் இந்திய அரசாங்கத்தார்க்கும் அபிப்பிராயபேதம் முற்றிக் கமிஷனர்கள் 1870-ல் ராஜிநாமா செய்தனர். மெயினுக்குப் பின்வந்த ஸர் ஜேம்ஸ் ஸ்டீபன் காலத்தில் 1872-ம் ஆண்டின் 9-வது சட்டமாக அது நிறைவேறி, அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதி அமலுக்கு வந்தது. சரக்கு விற்பனை பற்றிய பகுதி 1930-லும், கூட்டு வியாபாரம் பற்றிய பகுதி 1932-லும் தனிச்சட்டங்களாகப் பிரிந்தன. எஞ்சிய பகுதி இன்றும் நம்மை ஆள்கின்றது.

அச்சட்டத்தின் சாரம் நான்கு. ஒன்று, இருவரும் ஒரே பொருளை ஒரே கருத்தில் கொண்டு சுதந்தரமாக மனமொப்ப வேண்டும். பலாத்காரம், தகாத செல்வாக்கு, வஞ்சகம், பொய்த் தகவல், தவறான எண்ணம் இவை கலந்தால் அது சுதந்தரமான மனமொப்புதல் அன்று. இரண்டு, ஒப்புக்கொள்வோர் உரிய வயதும் தெளிந்த அறிவும் உடையவராதல் வேண்டும். மூன்று, ஒருவர் கொடுப்பதற்கு ஈடாக மற்றவர் கொடுக்கும் பிரதிபலன் இருத்தல் வேண்டும். நான்கு, நோக்கமும் பிரதிபலனும் சட்டத்திற்கு விரோதமாகாதிருத்தல் வேண்டும். இந்நான்கினுள் ஜாதியோ குலமோ குடும்ப அந்தஸ்தோ எங்கும் இல்லை. கடனைத் திருப்பிக் கொடுக்க ஜமீன்தாரும் கட்டுப்பட்டவர்; கூலியைக் கேட்கத் தச்சனும் உரிமையுடையவன். மெயின் கண்ட சரித்திரம் நம் நாட்டில் சட்டமாகத் திரண்டது இவ்வாறே.

எனினும் ஒப்பந்தம் என்ற பெயர் இட்ட இடமெல்லாம் மனமொப்புதல் இருந்ததாகக் கொள்ளலாகாது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வாராத தொழிலாளியைச் சிறையில் அடைக்க இடங்கொடுத்த சட்டம் ஒன்று 1859-ல் ஏற்பட்டு, மெயினுடைய காலத்திலும் அதற்கப்பாலும் அமலில் இருந்தது. எஜமானன் சொல் தவறினால் பண நஷ்டம். கூலிக்காரன் சொல் தவறினால் சிறை! பசியால் வாங்கிய முன்பணத்துக்கு இட்ட கைந்நாட்டு, பழைய அடிமை நிலைக்குப் போர்த்திய புதிய போர்வையே அன்றோ? 1925-ம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது. கொத்தடிமை முறையை முழுதும் ஒழிக்க 1976-ம் ஆண்டில் மற்றொரு சட்டம் வேண்டியதாயிற்று. வலியவனுக்கும் எளியவனுக்கும் இடையே நடக்கும் ஒப்பந்தத்தைச் சட்டம் கண்விழித்துப் பார்க்க வேண்டும் என்பது பிற்காலத்தார் கற்ற பாடம்.

1869-ல் மெயின் தாய்நாடு திரும்பினார். ஆக்ஸ்போர்டில் சட்ட வரலாற்றை ஒப்புநோக்கிக் கற்பிக்கும் புதிய ஆசிரியர் பதவி அவருக்காகக் காத்திருந்தது. 1871-ல் ஸர் பட்டமும், இந்தியா மந்திரியின் ஆலோசனைச் சபையில் இடமும் கிடைத்தன. அவ்விடத்தில் இறுதிவரை இருந்தார். இந்தியக் கிராமங்களையும் ஐரோப்பியக் கிராமங்களையும் ஒப்பிட்டு அவர் எழுதிய நூல் அவ்வாண்டே வெளிவந்தது. 1877-ல் தாம் இளமையில் போதித்த கேம்பிரிட்ஜ் டிரினிடி ஹாலுக்கே தலைவரானார். 1887-ல் சர்வதேசச் சட்ட ஆசிரியராகவும் நியமனம் பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் உடல் தளரவே, வைத்தியர் சொற்படி பிரான்ஸ் தேசத்தின் தென்கடற்கரைக்குச் சென்று, கான் நகரில் 1888-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 3-ந் தேதி தமது அறுபத்தைந்தாம் வயதில் காலமானார்.

அன்னாருடைய கருத்துக்கள் அனைத்தும் நிலைபெற்றுவிட்டன என்று கூறுதற்கில்லை. எல்லாச் சமூகங்களும் தந்தையாட்சியிலிருந்தே தொடங்கின என்பதை அவர் காலத்திலேயே மக்லென்னன் போன்றோர் மறுத்தனர். கிராம சமுதாயத்தைப்பற்றி அவர் கூறியவற்றையும் பின்வந்த ஆராய்ச்சியாளர் பலவாறு திருத்தினர். ஆயினும் பிறப்பு, மனமொப்புதல் என்னும் இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கண்ணை உலகுக்குக் கொடுத்தவர் அவரே. அக்கண்கொண்டு பார்த்தால் நம் இல்லங்களில் நடப்பன பல தெளிவாகும். மூன்று வழக்குகளை மட்டும் ஈண்டுக் கூறுவோம்.

1889-ல் சென்னை ஹைகோர்ட்டு தீர்த்த வழக்கு ஒன்று. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி கணவனை இழந்தாள். இன்ன பிள்ளையைச் சுவீகாரம் எடுத்துக்கொள்ள ஒப்பினாலன்றிப் பிணத்தை எடுக்கவிடோம் என்று உறவினர் தடுத்தனர். பிணம் வீட்டில் கிடக்க, அச்சிறுமி ஒப்பினாள். அவ்வொப்புதல் சுதந்தரமானதன்று, சுவீகாரம் அவளைக் கட்டுப்படுத்தாது என்பது தீர்ப்பு. 1917-ல் அதே கோர்ட்டில் மற்றொரு வழக்கு. சொத்தைத் தன் சகோதரனுக்கு விட்டுக்கொடுத்துப் பத்திரம் எழுதாவிட்டால் தற்கொலை செய்துகொள்வேன் என்று ஒருவன் மனைவியையும் மகனையும் மிரட்டிக் கையெழுத்து வாங்கினான். அதுவும் பலாத்காரமே, பத்திரம் நிற்காது என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு கூறினர். மூன்றாவது, கல்கத்தாவிலிருந்து பிரிவி கவுன்ஸில் வரை சென்றது. வயது நிரம்பாத இளைஞன் ஒருவனிடம் அவன் வீட்டை 20,000 ரூபாய்க்கு அடமானமாக எழுதி வாங்கினர். மைனர் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று 1903-ல் தீர்ப்பாயிற்று.

முதலிரண்டு வழக்குகளிலும் நெருக்கியவர் கள்வரல்லர், சுற்றத்தாரே. நம் இல்லங்களிலும் இதன் சாயல் இல்லையென்று யார் நெஞ்சில் கைவைத்துக் கூறுவர்? தங்கையின் பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கலியாணப் பந்தலிலேயே விடுதலைப் பத்திரத்தை நீட்டுவதும், நம்மவன்தானே என்று மைத்துனன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்பதும், படித்துப் பார்த்தால் சந்தேகிப்பதாக ஆகிவிடுமே என்று கண்ணைமூடிக் கையெழுத்திடுவதும் நாம் அறியாதனவா? ஜாமீன்தாரனுடைய பொறுப்பு, வேறு விதமாக எழுதியிராவிட்டால், கடன்காரனுடைய பொறுப்புக்கு இம்மியும் குறைந்ததன்று. கடன் கொடுத்தவன் முதலில் ஜாமீன்தாரன் வாசலுக்கே வரலாம். மறுபக்கமும் உண்டு. அண்ணன் அன்பினால் வாய்வார்த்தையாக வாக்களித்ததைப் பிரதிபலன் இல்லாதபோது கோர்ட்டில் கேட்க இயலாது. நெருங்கிய உறவினர்க்கு அன்பினால் கொடுப்பதாக எழுதி ரிஜிஸ்தர் செய்த வாக்கையே சட்டம் ஏற்கும். எழுதுவது அன்புக்குக் குறைவு என்று எண்ணவேண்டா. அன்பைக் காப்பதற்கே எழுத்து.

இனி, மெயினுடைய கேள்விக்கு வருவோம். நம் போன்ற சங்கங்கள் பிறப்பினால் உண்டானவையா? ஒரு குலத்தில் பிறந்தோர் பல்லாயிரவர் நெடுங்காலமாக இருந்தனர். அப்போது சங்கம் இல்லை. ஏழு பேராவது கூடி, நோக்கத்தை எழுதிக் கையெழுத்திட்டால் சங்கத்தைப் பதியலாம் என்று 1860-ம் ஆண்டுச் சட்டம் வழி வகுத்த பின்னரே நாடெங்கும் இத்தகைய சங்கங்கள் முறையாகப் பதிவாயின. பிறப்பு நம்மை ஒருவர்க்கொருவர் அறிமுகம் செய்தது. சங்கமாக்கியதோ நம் மனமொப்புதலே. சந்தா செலுத்துகின்றோம், விதிகளை ஏற்கின்றோம், கணக்குக் கேட்கின்றோம், வேண்டாமெனில் விலகுகின்றோம். ஆதலின் பிறப்பைக் காட்டி ஒருவரை அடக்குவதும், உறவைக் காட்டிக் கையெழுத்து வாங்குவதும், பிறரைத் தாழ்த்துவதும் சங்கத்தின் வேலையல்ல. ஏழைப் பிள்ளையின் படிப்புக்குக் கொடுத்த வாக்கைத் தவணை தவறாது நிறைவேற்றுவதே அதன் வேலை.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும், வயது பதினெட்டு நிரம்பும் நாளில், நகையும் துணியும் கொடுப்பதோடு இவ்வொன்றையும் சொல்லிக் கொடுப்போமாக: படித்துப் பார்த்துக் கையெழுத்திடு; இட்டபின் சொல் தவறாதே; மனமொப்பாதபோது மறுத்துச் சொல்ல அஞ்சாதே; பிறருடைய மறுப்பையும் மதி. மெயின் என்னும் அறிஞர் நம் நாட்டில் இருந்து உழைத்த ஏழாண்டின் பயன் நம் இல்லங்களில் விளங்கும் வழி இதுவே.